மறு: 'சில்ட்ரன் ஆன் தி மூவ்' – தமிழ்ல என்ன போடலாம்? (இளம்பெயர்வு சரியா வருமா)

எல்லாருக்கும் வணக்கம்,

> 'நகரும் குழந்தைகள்'னு நேரடியா போட்டுடலாமே, யாருக்கும் புரியும்

புரியாதுங்க ஐயா. நகரும் குழந்தைன்னா தவழ்ற பிள்ளைதான் கண்ணுக்கு வருது. 'சில்ட்ரன் ஆன் தி மூவ்'னா சொந்த ஊரை விட்டு வேற எடம் போற பிள்ளைங்க; யூனிசெஃப் அறிக்கைங்கள்ல இந்தப் பேர்ல யாரைச் சொல்றாங்கன்னு மொதல்ல பாத்துட்டு அப்புறம் சொல்லுக்குப் போவோம். நம்ம கைல மொழிபெயர்க்க இருக்குறது ஆப்பிரிக்கச் சிறார், இளைஞர் பத்தின கட்டுரை, அதனால அங்கேர்ந்தே எடுத்துக்கறேன்.

கானாவோட வடக்கு, தமாலே, போல்கடாங்கா பக்கம். அங்க வருஷத்துக்கு ஒரே மழைக்காலம்தான். நவம்பர்லேந்து ஏப்ரல் வரைக்கும் பூமி காஞ்சு கெடக்கும், வயல்ல வேலையே இருக்காது. தெற்குல ரெண்டு மழை, கோக்கோ தோட்டம், துறைமுகம், தலைநகரம் எல்லாம் இருக்கு, காலனி காலத்துலேந்தே வடக்குன்னா தெற்குக்குக் கூலியாள் அனுப்புற சீமைதான். அங்கேர்ந்து பதினாலு பதினஞ்சு வயசுப் பொண்ணுங்க பஸ் ஏறி அக்ரா, குமாசி மார்க்கெட்டுக்கு வந்து, பெரிய பேசினைத் தலைல வெச்சுகிட்டு சாமான் வாங்க வர்றவங்க சுமையத் தூக்குறாங்க. பேசினே வாடகைக்கு எடுத்ததா இருக்கும். ராத்திரி கடை வாசல்லயோ, பலபேர் சேந்து வாடகை குடுக்குற பலகைக் குடிசைலயோ தூக்கம். 2017 பட்ஜெட்ல எடுக்குற வரைக்கும் இவங்ககிட்ட சந்தை வரி வேற வசூல் பண்ணாங்க, தலைச்சுமைக்காரிகிட்ட வரி! சேத்த காசுல கல்யாணத்துக்குப் பாத்திரமும் துணியும் வாங்கிட்டு ஊருக்குத் திரும்புறவங்க உண்டு, தம்பி படிப்புக்கு மொபைல்ல அனுப்புறவங்க உண்டு, பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்தே கெளம்பி வந்தவங்களும் உண்டு.

இவங்களுக்கு அங்க பேரு கயாயே. 'கயா'ன்னா ஹவுசா மொழில சுமை, 'யே'ங்கறது கா மொழில பெண்கள். ரெண்டு மொழிய ஒட்டவெச்சு சந்தையே செஞ்சுகிட்ட சொல்லு, எந்தக் கமிட்டியும் உக்காரல (நம்ம இழை எத்தனாவது மடல்ல ஓடுதுன்னு நான் சொல்லல).

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்தப் பொண்ணு 'துணையற்றவ'ளா? ஊர்க்கார அக்காவோடயோ சித்தியோடயோதான் பெரும்பாலும் வர்றா. 'கடத்தப்பட்டவ'ளா? அவளே பஸ் காசு சேத்து வந்திருக்கா. அவ படுற பாட்டை நான் கொறச்சுச் சொல்லல, பள்ளிக்கூடம் போச்சு, கழுத்து வலி, ராத்திரி பயம், எல்லாம் நெசம். ஆனா அவளுக்கு வைக்கிற பேர்ல அவ 'போனா'ங்கற வினை இருக்கணும். இல்லாததையும், அவளுக்கு மத்தவன் செஞ்சதையும் மட்டுமே சொல்ற பேரு வேணாம்ங்கறதுதான் என் கட்சி.

> அன்அக்கம்பனீட் மைனர் = துணையற்ற சிறார். ஏற்கனவே புழக்கத்துல இருக்கு, மாத்தத் தேவையில்ல

அக்கா, புழக்கத்துல இருக்குறது சரி. ஆனா ஸ்பெயின்ல என்ன ஆச்சுன்னு பாருங்க. அங்க சட்டத்துல இருந்த நீளமான சொல்லச் சுருக்கி 'மேனா'ன்னு ஆக்கினாங்க, துணையில்லாம வந்த வெளிநாட்டு மைனர்னு அர்த்தம். ஆபீஸ் ஃபைல்ல இருந்த சுருக்கம் தெருவுக்கு வந்து வசவாயிடுச்சு. 2021ல மாட்ரிட் தேர்தல் நேரத்துல புறநகர் ரயில் ஸ்டேஷன்ல போஸ்டரே ஒட்டினாங்க, ஒரு மேனாவுக்கு மாசம் இவ்ளோ செலவு, உன் பாட்டிக்குப் பென்ஷன் இவ்ளோதான்னு. பையன் போயிட்டான், மேனாதான் மிச்சம். 2024ல கனரித் தீவுகளுக்குப் படகுல 46,000 பேருக்கு மேல வந்தாங்க, செனகல், மாரிட்டானியா கரையிலேந்து கயூக்கோங்கற நீளமான மீன்பிடிப் படகுல. அதுல தனியா வந்த பசங்க ஆயிரக்கணக்குல இருந்தாங்க, அவங்க எல்லாரையும் இந்த ஒரே சொல்லாலதான் பேசிகிட்டு இருந்தாங்க.

அதனால சட்டப் பத்தில வர்ற எடத்துல பெயர்ச்சொல்லா கட்டாம 'காப்பாளர் துணையின்றி வந்த சிறார்'னு வினையோட விட்டுடலாம்ங்கறேன். நீளம்தான், சுருக்க முடியாததுதான் அதோட பலம். ஐநா குழந்தை உரிமைக் குழு 2005ல குடுத்த விளக்கத்துல இன்னொரு வகையும் இருக்கு, பெத்தவங்களப் பிரிஞ்சு ஆனா வேற சொந்தக்காரங்களோட இருக்குறவங்க. அதுக்குப் 'பெற்றோரைப் பிரிந்த சிறார்' போதும். இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறதுதான் நம்ம பத்திரிகை மொழிபெயர்ப்புல அதிகம்.

குழந்தையா சிறாரா இளைஞரான்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. ஐநா குழந்தை உரிமை உடன்படிக்கைப்படி 18க்குக் கீழ குழந்தை, ஐநா புள்ளிவிவரத்துல இளைஞர்னா 15லேந்து 24, ஆப்பிரிக்க ஒன்றியம் 2006ல காம்பியாவோட பாஞ்சூல்ல ஏத்துகிட்ட இளையோர் சாசனத்துல 15லேந்து 35. ஆக 16 வயசுப் பையன் ஒரே நேரத்துல ரெண்டுமே. அவன் பொறந்தப்ப பதிவே பண்ணலேன்னா இன்னும் மோசம், கரைல எறங்கினதும் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சிய ஒரு பழைய அட்லஸோட ஒப்பிட்டு வயசு சொல்றாங்க. அந்த அட்லஸ் 1930கள்லயும் 40கள் தொடக்கத்துலயும் அமெரிக்காவுல கிளீவ்லாந்துப் பிள்ளைகளுக்கு எடுத்த எக்ஸ்ரேங்கள வெச்சு செஞ்சது. செனகல் மீனவர் வீட்டுப் பையனோட மணிக்கட்டு அதுக்குப் பொருந்தலேன்னா அவன் பெரியவன், பெரியவங்க முகாமுக்குப் போ! 2030க்குள்ள எல்லாருக்கும் பிறப்புப் பதிவுன்னு ஐநா வளர்ச்சி இலக்கு 16.9 சொல்றத ஏதோ காகித வேலைன்னு நெனைக்கிறோம், இங்கதான் அது எங்க போய் முட்டுதுன்னு தெரியும். அதனாலதான் பொதுத் தலைப்புல சிறாரையும் இளையோரையும் சேத்துச் சொல்ற ஒரு சொல் வேணும்னு சொல்றேன்.

> கடத்தல்னு ஒரே சொல் போதும், வாசகருக்கு அதுதான் பழக்கம்

இதுக்கு மட்டும் கண்டிப்பா ஒத்துக்க மாட்டேன். கிட்னாப்பும் கடத்தல், ட்ராஃபிக்கிங்கும் கடத்தல், ஸ்மக்ளிங்கும் கடத்தல், தங்கமும் கடத்தல். ஐநா 2000த்துல இதுக்குன்னே ரெண்டு தனி நெறிமுறை போட்டுச்சு, ட்ராஃபிக்கிங்ல ஆளு சரக்கு, ஸ்மக்ளிங்ல ஆளு காசு குடுத்து எல்லை தாண்டுற வாடிக்கையாளர். நைஜர்ல அகதேஸ் ஊரை எடுத்துக்கங்க. எக்கோவாஸ்ங்கற மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் கூட்டமைப்போட 1979 நெறிமுறைப்படி, 2025ல நைஜர் அதுலேந்து வெலகுற வரைக்கும், அந்த நாடுகளோட ஆளுங்க அகதேஸ் வரைக்கும் விசா இல்லாம சட்டப்படி பஸ்லயே வரலாம்னு இருந்துச்சு. அங்கேர்ந்து லிபியாவுக்கு டொயோட்டா பிக்கப், பின்னாடி முப்பது பேர் வரைக்கும் ஏத்தி, கால வெளில தொங்கப்போட்டு, சாமான் நடுவுல சொருகின கம்பைக் கட்டிப்பிடிச்சுகிட்டு பாலைவனத்துல போவாங்க. 2015ல ஐரோப்பா நெருக்குதலோட வந்த சட்டம் இத ஓட்டுறவனக் குற்றவாளியாக்கினப்ப, வண்டிங்க கிணறும் காவலும் இருக்குற பாதைய விட்டு வெலகிப் போக ஆரம்பிச்சுது, ஆபத்து கூடித்தான் போச்சு. 2023 நவம்பர்ல ராணுவ அரசு அந்தச் சட்டத்தையே தூக்கிடுச்சு. இந்தக் கதைய 'கடத்தல் தடைச் சட்டம்'னு எழுதினா படிக்கிறவர் பசங்களக் காப்பாத்துற சட்டம் போச்சேன்னுதான் நெனைப்பார். ட்ராஃபிக்கிங்குக்கு ஆள்வணிகம், ஸ்மக்ளிங்குக்கு கள்ளவழி ஏற்றம். 18க்குக் கீழன்னா ஏமாத்தாம, அடிக்காம, அவனே சம்மதிச்சு வந்திருந்தாலும், உழைப்பைச் சுரண்டத்தான் கூட்டிட்டுப் போனாங்கன்னா அது ஆள்வணிகம்தான், அதையும் ஒரு வரி எழுதணும்.

பொதுச்சொல்லுக்கு என் பரிந்துரை: இளம்பெயர்வு, ஆளுக்கு இளம்பெயர்வோர். ஏன் இடம், குடி, புலம்னு எதுவும் பெயர்வுக்கு முன்னாடி சேக்கலேன்னா, இடம்பெயர்வுன்னா வெள்ளம், போர்னு வந்து நிக்குது, குடிபெயர்வுன்னா குடும்பத்தோட போறது, புலம்பெயர்வுன்னா கடல் தாண்டி லண்டன், கனடா. ஆப்பிரிக்காவுல ஊரை விட்டு வேற நாடு போனவங்கள்ல பாதிக்கு மேல, 2020 கணக்குல சுமார் 2.1 கோடி பேர், கண்டத்துக்குள்ளயேதான் இருக்காங்க. கயாயே பொண்ணு நாட்டு எல்லையே தாண்டல. காரணத்தையும் தூரத்தையும் முன்கூட்டியே முடிவு பண்ணாத சொல்லுதான் இவங்களுக்குப் பொருந்தும்.

—

வணக்கம். இளம்பெயர்வு எண்டதும் எனக்கு வீட்டில கூப்பிடுற செல்லப்பேர் மாதிரித்தான் முதல்ல கேட்டது, இரண்டு தரம் வாசிக்கச் சரியாப்போச்சு. எங்கட பக்கம் 'சிறுவர்' எண்டால் ஆண்பிள்ளை பெண்பிள்ளை ரெண்டும் அடங்கும், உங்களுக்கு அது ஆம்பிளைப் பிள்ளை எண்டு வாறபடியா சிறார் எண்டே போடுங்கோ. மற்றது, ஸ்மக்ளருக்கு ஏன் புதுச்சொல்லு? காசு குடுத்து வெளிநாடு போன சனம் ஒருத்தரும் 'கடத்தல்காரன்' எண்டு சொல்லமாட்டினம், ஏஜென்சிக்காரன் எண்டுதான் சொல்லுறது. அகதேஸில ஆள் பிடிச்சு வண்டி ஏத்துறவனும் அதே ஆள்தானே. 'சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட்'டுக்கு நிலைபேறான அபிவிருத்தி எண்டு நாங்கள் எழுதுறதை மட்டும் மாத்தாதேங்கோ.

—

அண்ணே, ஏஜென்சிக்காரர் பிரமாதம். அங்க அவங்களுக்கு 'கொக்ஸேர்'னு பேரு, பஸ் ஸ்டாண்டுல ஆள் சேக்குறவங்க, கிட்டத்தட்ட அதேதான். பேட்டி வர்ற எடத்துல எல்லாம் ஏஜென்சிக்காரர், சட்டம் வர்ற எடத்துல கள்ளவழி ஏற்றம், அப்படி வெச்சுக்கறேன். நிலைபேறானவா நீடித்தவாங்கற சண்டைய தயவுசெஞ்சு வேற இழைல வெச்சுக்குவோம், இங்க ஆரம்பிச்சா கட்டுரை வராது. ஐநா வளர்ச்சி இலக்கு 10.7ல வர்ற 'ரெகுலர்' மைக்ரேஷனுக்குத்தான், அதாவது சட்டப்படியான பெயர்வுக்குத்தான், இன்னும் நல்ல சொல் கிடைக்கல. 'முறையான'ன்னு போட்டா எதிர்ப்பதம் 'முறையற்ற'ன்னு வந்து ஏதோ ஒழுக்கக்கேடு மாதிரி நிக்குது. 'ஆவணவழி, ஆவணமில்லாவழி'ன்னு யோசிச்சேன், ஆனா பேப்பர் கைல இருந்தும் இர்ரெகுலர் ஆகுறவங்க உண்டு, விசா தேதி முடிஞ்சவங்க மாதிரி. சட்டம் படிச்சவங்க யாராச்சும் ஒரு வழி சொல்லுங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன், மத்ததெல்லாம் பட்டியல்ல ஏத்திடுறேன்.