காரிபோரைடு கொடுத்தும் செல்லின் பிஎச் ஏறுகிறது, உதவுங்கள்

கவி_ஆய்வகம்: அவசரம், திங்கட்கிழமை முடிவைக் காட்ட வேண்டும். எலி இதயக் கீழறைச் செல். 20 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு கொடுத்து எடுத்ததும் உள்ளே பிஎச் 7.2-லிருந்து 6.8-க்கு இறங்குகிறது. அதுவரை சரி. ஆனால் காரிபோரைடு ஓடும்போதே பத்து நிமிடத்தில் மறுபடி ஏறிவிடுகிறது. செல்லிலிருந்து அமிலத்தை வெளியேற்றும் என்ஹெச்இ1 புரதத்தைத்தானே காரிபோரைடு அடைக்கிறது? அது அடைபட்டால் ஏறக்கூடாதே? மருந்து கெட்டுவிட்டதா?

குப்பி77: எத்தனை நாள் பழைய மருந்து? எந்த அளவு? எனக்கு மருந்து மேல்தான் சந்தேகம்.

நீலமணி: செல்மேல் ஓடும் கரைசலின் பிஎச்-ஐ நிலைநிறுத்துவது ஹெபெஸா (பைகார்பனேட் தேவைப்படாத தாங்கல்), பைகார்பனேட்டா? பிஎச் அளக்கும் சாயம் எது?

அலைவரிசை: சாயத்தின் அளவுத்திருத்தத்துக்கு நைஜெரிசின் (செல்லின் பிஎச்-ஐ வெளிக்கரைசலோடு சமமாக்கப் போடுவது) போட்டீர்களா? குழாயில் ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கெடுக்கும். அதுதான் காரணம்.

மூத்தவன்: அலைவரிசை தம்பி, அடிப்படையைப் படித்துவிட்டு வாங்க. நைஜெரிசின் மிச்சமிருந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியேற, புரோட்டான், அதாவது அமிலம், உள்ளே வரும். பிஎச் இறங்குமே தவிர ஏறாது.

அலைவரிசை: ஏற்கிறேன். ஆனாலும் குழாயைக் கழுவச் சொன்னதில் தப்பில்லையே.

கவி_ஆய்வகம்: புதுக் குப்பி, 30 மைக்ரோமோலார். சாயம் ஸ்னார்ஃப். கரைசல் வழக்கமானதுதான்.

நீலமணி: வழக்கமானது என்றால் எது? வாயு ஏற்றுகிறீர்களா?

கவி_ஆய்வகம்: ஆமாம், 5% கார்பன் டைஆக்சைடு.

நீலமணி: அப்போ உங்கள் கரைசல் பைகார்பனேட்தான், மருந்து நன்றாகவே இருக்கிறது. இதயச் செல்லுக்கு அமிலத்தைச் சமாளிக்க இரண்டு வழி. என்ஹெச்இ1 சோடியத்தை உள்ளே விட்டுப் புரோட்டானை வெளியேற்றும். இன்னொன்று சோடியத்தோடு பைகார்பனேட்டை உள்ளே கொண்டுவரும். காரிபோரைடு முதல் வழியை மட்டும்தான் அடைக்கும். பிஎச் லேசாக இறங்கியிருந்தால் பைகார்பனேட் வழியின் பங்கு பெரிது. ஆழமாக இறங்கினால் என்ஹெச்இ1 முந்திவிடும். வாயுவை நிறுத்தி, ஹெபெஸ் கரைசலில் அதே சோதனையைச் செய்யுங்கள்.

குப்பி77: இதனால்தான் அந்த மருந்து நோயாளிகளிடமும் தோற்றதோ?

மூத்தவன்: இல்லை. பைபாஸ் நோயாளிகளிடம் நடந்த எக்ஸ்பெடிஷன் ஆய்வில் மாரடைப்பு குறையத்தான் செய்தது. பக்கவாதமும் இறப்பும் கூடியதால்தான் கைவிட்டார்கள்.

குப்பி77: அமிலத்தை வெளியேற்றும் வழியை அடைப்பதே தப்பு என்கிறேன்.

மூத்தவன்: தப்பில்லை. ரத்தம் தடைபட்ட இதயத்துக்கு அது திரும்பும்போது என்ஹெச்இ1 வழியாகச் சோடியம் குவியும், அதன் பின்னாலேயே கால்சியமும் ஏறும். செல் சாவது அதனால். இதைத் தனி இழையில் பேசுவோம்.

கவி_ஆய்வகம்: ஹெபெஸில் செய்தேன். காரிபோரைடு இருக்கும்வரை 6.8-லேயே நின்றது, கழுவியதும் ஏறியது. நன்றி நீலமணி அக்கா.