உங்கள் வீட்டில் ‘அரக்கு கலர்’ என்பது எது?

பெங்களூரு சிக்கப்பேட்டையில் பட்டுக்கடை ஒன்றுக்குத் தமிழ், கன்னடம் இரண்டிலும் நிறச்சீட்டு எழுதும் வேலை. ‘அரக்கு’ வந்ததும் இடிக்கிறது. மெரூனுக்கும் அதே பெயர், செங்கல் பக்கம் சாயும் செம்பழுப்புக்கும் அதே பெயர்!

அரக்கு முதலில் ஒரு பொருள். மரக்கிளையில் பூச்சி சுரக்கும் பிசின். கன்னடத்தில் அரகு. அரக்கு மாளிகை, பார்சலில் வைக்கும் அரக்கு முத்திரை எல்லாம் இதுதான். கொம்பரக்கை, அதாவது கிளையிலிருந்து எடுத்தபடியே இருக்கும் அரக்கை, இடித்துத் தண்ணீரில் அலசினால் சிவப்புச் சாயம் இறங்கும். படிகாரம் ஏற்றிய பட்டில் அது நல்ல சிவப்பு. இரும்புச்சத்து கலந்தால் ஊதா ஓடிக் கறுத்துவிடும். ஒரே சொல் பல நிறத்துக்கு ஓடியதில் ஆச்சரியமில்லை.

திரையில் சிவப்பு, பச்சை, நீல எண்களாகச் சொன்னால் மெரூன் 128, 0, 0. செம்பழுப்பு என்றால் பச்சை எண் கொஞ்சம் ஏறும். ‘காவி’ என்று போட யோசனை சொல்லாதீர்கள், வாங்குபவர் ஆரஞ்சை எதிர்பார்ப்பார்.

வீட்டில் அரக்கு என்று சொல்லும் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் வெள்ளைத்தாள் வைத்துப் படமெடுத்துப் போடுங்களேன். மஞ்சள் பல்பு வேண்டாம், மெரூனே பழுப்பாகத் தெரியும். கூடவே சொந்த ஊரையும் எழுதுங்கள்.