லென்ஸில் படியும் நீருக்கு என்ன சொல்? ‘பனிப்பு’ என்பது என் முன்மொழிவு

வணக்கம். நாம் எழுதும் போர்னியோ பயணக் கையேட்டில், குளிர்ந்த கேமரா லென்ஸில் ஈரக்காற்று பட்டு நீர் படிவதற்கு ஒரு சொல் வேண்டும். ‘பனிப்பு’ என்கிறேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்:

> ‘லென்ஸ் வியர்ப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், மறுக்கவில்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வியர்த்துவிட்டது என்றுதான் வீட்டில் சொல்கிறோம். ஆனாலும் நம் போர்னியோ பயணக் கையேட்டுக்கு இந்தச் சொல் வேண்டாம். வியர்வை உள்ளிருந்து வருவது, துடைத்தால் போய்விடும். லென்ஸில் படிவதோ வெளிக்காற்றில் இருந்த நீர். கண்ணாடி குளிர்ச்சியாக இருக்கும்வரை துடைக்கத் துடைக்க வந்துகொண்டேதான் இருக்கும். ‘வியர்ப்பு’ என்று படித்தவர் உடனே துணியைத் தேடுவார். அவர் செய்ய வேண்டியது பொறுத்திருப்பது.

போர்னியோவில் மலேசியாவின் சாபா மாநிலத்தில் உள்ள டானும் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். 438 சதுர கிலோமீட்டர் தாழ்நில மழைக்காடு. ஒராங்குட்டானைப் படம்பிடிக்க ஆசைப்பட்டுப் போகிறவர்கள் பலர். காற்று 30 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 26 டிகிரி. பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் உள்ள லஹாட் டத்து ஊரில் 22 டிகிரி ஏசி அறையில் இரவு முழுக்கக் கிடந்த கேமராவைக் காலையில் வெளியே எடுக்கிறோம். கண்ணாடி இன்னும் 26-க்குக் கீழே இருக்கிறது. அதைத் தொடுகிற காற்று தன் நீரை அதன்மேல் விட்டுவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

நம் பாடநூல்கள் ‘பனிநிலை’ என்கின்றன, இலங்கையில் ‘பனிபடுநிலை’ என்பார்கள். இரண்டிலும் பனி இருக்கிறது. அதே வேரிலிருந்து பனித்தல், பனிப்பு என்று எடுத்துக்கொண்டால் காரணமும் விளைவும் ஒரே குடும்பச் சொற்களாகிவிடும். ‘கண்கள் பனித்தன’ என்று இன்றும் எழுதுகிறோம், ஆகவே வினை செத்துப்போனதல்ல. கண்ணீர் உள்ளிருந்துதானே வருகிறது என்று கேட்பீர்கள். அந்த எடுத்துக்காட்டு வினை புழக்கத்தில் இருப்பதைக் காட்ட மட்டுமே. பொருளுக்கு நான் பார்ப்பது இரவில் குளிர்ந்த புல்லின்மேல் படிகிற பனியை. லென்ஸில் நடப்பதும் அதுவேதான்.

> பனி என்றதும் இமயமலை நினைவுக்கு வராதா?

வராது என்றே நினைக்கிறேன். மார்கழிப் பனியில் நிற்காதே என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். உறைந்ததற்கு ‘உறைபனி’ தனியாக இருக்கிறது. நீராவி நீராவதைக் குறிக்கும் ‘ஒடுங்கல்’, ‘ஆவி சுருங்குதல்’ இரண்டும் இயற்பியல் பாடத்துக்குச் சரி, ஆனால் மேகம் உண்டாவதும் அவற்றில் அடங்கும். நமக்கு வேண்டியது குளிர்ந்த பரப்பில் நீர் படிவதற்கான பெயர்.

அப்புறம், இதில் இரண்டு வகை பிரித்தாக வேண்டும். முன்கண்ணாடியில் படிவது புறப்பனிப்பு. கண்ணாடி வெதுவெதுப்பானதும் தானே மறையும். குளிர்ந்த நிலையில் லென்ஸைக் கழற்றினாலோ, நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸைத் திருகினாலோ ஈரக்காற்று உள்ளே போய்விடும். உள்கண்ணாடிகளில் படிகிற இந்த அகப்பனிப்புக்குத் துணியும் எட்டாது, எளிதில் காயவும் காயாது. 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதத்தில் நாள்கணக்கில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை விடுகிற அமிலம் கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். அதனால்தான் இந்தப் பிரிவினை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கையேட்டில் இப்படி எழுதலாம் என்று பார்க்கிறேன்:

“பனிப்பைத் தவிர்க்க, ஏசி அறையை விட்டுக் கிளம்பும் முன்பே கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். வெளியே வந்ததும் பையின்மேல் நீர் முத்துமுத்தாகக் கோக்கும். கோக்கட்டும், உள்ளே கேமரா காய்ந்தபடி இருக்கும். தொட்டால் கேமரா சில்லென்று இல்லை என்று ஆகும்வரை பையைத் திறக்காதீர்கள். பெரிய லென்ஸுக்கு அரை மணிக்கு மேலும் ஆகலாம்.”

இந்தக் காத்திருப்புக்கும் தனிச்சொல் கேட்டிருந்தார் ஒருவர். தேவையில்லை, ‘பையிலேயே விடுங்கள்’ என்றால் போதும். ஈரம் உறிஞ்சும் மணிகளுக்கான ‘சிலிக்கா ஜெல்’ என்ற பெயரையும் மாற்ற வேண்டாம். கடையில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எடுத்துத் தருவார்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டன, 120 டிகிரி அளவில் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம் என்பதை மட்டும் சேர்த்துவிடுவோம்.

இலங்கை நண்பர்கள் ‘அகப்பனிப்பு’ அங்கே காதுக்கு ஒத்துவருகிறதா என்று சொல்லுங்கள். மறுப்பு இல்லையென்றால் இரண்டு சொற்களையும் கையேட்டில் ஏற்றிவிடுகிறேன்.