ஆபரேஷன் தண்டர்போல்ட், 1951: வேவு பார்த்ததா, தாக்குதலா?

வரைபடக்காரன்:
கொரியப் போரில் 1951 ஜனவரி 25 அன்று தொடங்கிய தண்டர்போல்ட்டை வேவு நடவடிக்கை என்றே எழுதுகிறார்கள். டாங்கி, பீரங்கி, விமானம் சகிதம் அமெரிக்க 8-ஆம் ராணுவத்தின் 1-ஆம் கோரும் 9-ஆம் கோரும் (கோர் என்றால் பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படை) கிளம்பினால் அதற்குப் பெயர் வேவா? மறுநாளே சியோலுக்குத் தெற்கே உள்ள சுவோன் நகரம் கைக்கு வந்துவிட்டது. சியோலை ஒட்டிய ஹான் ஆற்றங்கரையைப் பிடிக்கவோ பிப்ரவரி 10 வரை ஆனது. 8-ஆம் ராணுவத் தளபதி ரிட்ஜ்வே தேவையில்லாமல் தயங்கினார்.

குன்றுப்பாதை:
தயக்கமா? அந்த ஜனவரியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டிசம்பர் 23 அன்று ரிட்ஜ்வேக்கு முன் தளபதியாக இருந்த வாக்கர் ஜீப் விபத்தில் இறந்தார். ஜனவரி 4 அன்று சியோல் சீனர்களிடம் பறிபோனது. கொரியாவையே காலிசெய்வது பற்றி வாஷிங்டனில் பேச்சு. சீனர்களின் முக்கியப் படை எங்கே நிற்கிறது என்பதே பிடிபடவில்லை. அதனால்தான் ரிட்ஜ்வே ஜனவரி 15-ல் 27-ஆம் ரெஜிமெண்டை முன்னிறுத்தி, வுல்ஃப்ஹவுண்ட் என்று ஒரு சின்ன நடவடிக்கையை சுவோன் பக்கம் அனுப்பிப் பார்த்தார். பெரிய எதிர்ப்பு இல்லை. அப்புறமும் ஒவ்வொரு கோருக்கும் ஆரம்பத்தில் ஓர் அமெரிக்க டிவிஷன், ஒரு தென்கொரிய ரெஜிமெண்ட், அவ்வளவுதான் அனுமதி. குறித்த கோட்டில் நின்று, பக்கத்துப் படை வந்து சேர்ந்த பிறகே அடுத்த அடி. எதிரி திரண்டு நின்றால் பின்வாங்க வழி இருந்தது. இதை வேவு என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

பனிக்காலம்:
ஜனவரி 24 அன்று ரிட்ஜ்வே விமானத்தில் போய்ப் பார்த்தாரே, அதையும் சொல்லுங்கள். இரண்டு மாதம் முன்பு, நவம்பர் 24 அன்று, ஐ.நா. படைகளின் தலைமைத் தளபதி மெக்ஆர்தரும் சீன எல்லையிலுள்ள யாலு ஆற்றுக்கு மேலே பறந்தார். மறுநாள் இரவே சீனர்கள் பாய்ந்தார்கள். பகலில் பதுங்கி இரவில் நடக்கும் படையை மேலிருந்து எப்படிப் பார்ப்பது?

குன்றுப்பாதை:
நான் சொல்வதும் அதுதான். விமானத்திலிருந்து பார்த்ததோடு அவர் விடவில்லை. எந்தக் குன்றையும் தேடாமல் தாண்டக் கூடாது என்று காலாட்படையை நடக்க வைத்தார். சீனச் சிப்பாய் முதுகில் சுமந்த உணவு ஏறக்குறைய ஒரு வாரத்துக்குத்தான் வரும். பிறகு தாக்குதல் தானாகத் தளரும் என்பதைக் கவனித்து வைத்திருந்தார்.

வரைபடக்காரன்:
அப்படியானால் நடுப்பகுதியிலுள்ள ஹோயெங்சோங் ஊர்? பிப்ரவரி 11 இரவு சீனர்கள் தாக்கி அங்கே தென்கொரிய 8-ஆம் டிவிஷன் சிதறியதே. மேற்கில் இவ்வளவு கவனமாகத் தேடிக்கொண்டிருக்க, அடி நடுப்பகுதியில் விழுந்தது.

குன்றுப்பாதை:
அது பிப்ரவரி 5-ல் ஜெனரல் ஆல்மண்டின் 10-ஆம் கோர் தொடங்கிய ரவுண்டப் என்ற வேறொரு நடவடிக்கை. தென்கொரிய டிவிஷன்களை முன்னே தள்ளிய திட்டம் அவருடையது.

பனிக்காலம்:
ஒப்புதல் கொடுத்தவர் ரிட்ஜ்வே. செத்தவர்களின் கணக்கில் அதையும் எழுதத்தான் வேண்டும்.

குன்றுப்பாதை:
எழுதுங்கள், மறுக்கவில்லை. ஆனால் ரவுண்டப் பக்கத்தில் எழுதுங்கள். தண்டர்போல்ட் மேல் ஏற்றாதீர்கள்.