ஆசுதோஷ்: தோஷமா, தோஷமா?

பழஞ்சுவடி:
‘ஆண் குழந்தைக்கு ஆசுதோஷ் என்று பெயர் வைக்காதீர்கள், ஆசு என்றாலும் குற்றம், தோஷம் என்றாலும் குற்றம்’ என்று பெயர்ப் பட்டியல் ஒன்றில் படித்தேன். பற்றிக்கொண்டு வந்தது. அது சிவனுடைய பெயர் ஐயா! ஆசு விரைவு, தோஷம் உவப்பு. ஒரு சொம்புத் தண்ணீருக்கும் இரண்டு வில்வ இலைக்கும் மனம் குளிர்ந்துவிடுகிறவன்.

வைகைக்கரையான்:
பட்டியலைத் தொகுத்தவன் நான்தான். ‘ஆசறக் கற்றான்’ என்றால் குற்றமில்லாமல் கற்றான் என்று பொருள். தமிழ் அறிந்தவர்களுக்குத் தெரியும்.

பழஞ்சுவடி:
நீங்களாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்படியானால் ஆசுகவி காளமேகம் குற்றக்கவியா? கேட்ட மாத்திரத்தில் பாடுகிறவன் ஆசுகவி. அதே ஆசுதான் இது.

வைகைக்கரையான்:
தோஷத்துக்கு வாருங்கள். செவ்வாய் தோஷத்துக்குப் பரிகாரம் செய்கிறோமா, பாயசம் வைக்கிறோமா?

பழஞ்சுவடி:
அது வேறு தோஷம்! தமிழில் ஒரே ‘தோ’ இருப்பதால் வந்த வினை. குற்றமான தோஷத்துக்கு ‘பந்து’ என்பதில் வரும் தகர ஒலி. உவப்பான தோஷத்துக்கு ‘தம்பி’யின் தகரம். சந்தோஷத்தில் இருப்பதும் இந்த இரண்டாவதுதான்.

வைகைக்கரையான்:
சந்தோஷத்தை நீங்கள் ‘தம்பி’ போலவா உச்சரிக்கிறீர்கள்? ‘பந்து’ போலத்தானே?

பழஞ்சுவடி:
முன்னால் ‘ந்’ வந்தால் தமிழ் நாக்கு அப்படித்தான் புரளும். மூலத்தில் ‘தம்பி’தான். தம்பி! தம்பி!

அந்திமாலை:
பிரதோஷம் எந்தத் தோஷம்? தோஷம் போக்குவதால் வந்த பெயர்தானே?

பழஞ்சுவடி:
இல்லை. தோஷா என்றால் இரவு. இரவு தொடங்கும் வேளை பிரதோஷம்.

அந்திமாலை:
எங்கள் ஊர்க் குருக்கள் அப்படிச் சொல்லவில்லையே.

ஹூக்ளிக்கரை:
ஆசுதோஷ் முகர்ஜி 1906 முதல் 1914 வரை கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவரை ‘வங்கப் புலி’ என்றார்கள்.

வைகைக்கரையான்:
எளிதில் மனம் குளிரும் புலி! நல்ல பொருத்தம்.

பழஞ்சுவடி:
பேச்சை மாற்றாதீர்கள். போன மாதம் ‘ஆசிடையிட்ட எதுகை’க்குக் ‘குற்றமுள்ள எதுகை’ என்று பொருள் எழுதியவர் நீங்கள். எதுகைக்கு நடுவே ய, ர, ல, ழ ஒற்றுகளில் ஒன்று உலோகத் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசு போல நுழைவது அது என்று திருத்தினேன். இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆசுதோஷ் என்ற பெயருக்கும் உங்களுக்கும் காத தூரம்.

வைகைக்கரையான்:
பட்டியலில் ஓர் எழுத்தும் மாறாது.

பழஞ்சுவடி:
பந்து வேறு, தம்பி வேறு. மறுபடி படியுங்கள்.

அந்திமாலை:
குருக்களிடம் கேட்டுவிட்டேன். தோஷம் போக்குவதுதான் பிரதோஷமாம்.