அமெரிக்கா வந்திருக்கும் நெல்லைக்காரர்களுக்கு: அசைலம் (அடைக்கலம்) போடுவதற்கு முன்

வள்ளியூர், அம்பை, தென்காசிப் பக்கமிருந்து வந்து இறங்கிய பிள்ளைகள் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணாச்சி, அசைலம் போட்டால் ஒர்க் பெர்மிட் வந்துவிடுமாமே?" இப்படி ஆசை காட்டிக் காசு பறிக்கிற ஏஜென்டுகள் இங்கேயும் உண்டு.

அசைலம் என்பது மதம், இனம், தேசம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகப் பிரிவு ஆகிய காரணங்களால் கொடுமைக்கு ஆளானவர்களுக்கும், ஆளாவோம் என்று நியாயமாகப் பயப்படுகிறவர்களுக்குமானது. பொதுவாக வந்த 1 வருடத்துக்குள் போட வேண்டும். சாதி மாறிக் கல்யாணம் முடித்து, அரிவாளுக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் நம் பக்கத்தில் இல்லாமலா இருக்கிறார்கள்? அப்படி உண்மையான காரணம் இருந்தால் உடனே லாயரைப் பாருங்கள். போலீஸ் காப்பாற்றவில்லை, சென்னைக்கோ பெங்களூருக்கோ போயும் பிழைத்திருக்க முடியாது என்பதையும் நீங்கள் காட்ட வேண்டியிருக்கும்.

ஏஜென்ட் எழுதிக் கொடுத்த கதை என்றால் வேண்டவே வேண்டாம். தெரிந்தே பொய் மனு போட்டதாக நீதிபதி தீர்மானித்துவிட்டால், கிரீன் கார்டு உட்பட எந்தக் குடியேற்றச் சலுகையும் ஆயுசுக்கும் கிடையாது. பிறகு அமெரிக்கக் குடியுரிமை உள்ள பெண்ணையே கட்டினாலும் அந்தத் தடை போகாது. ஊரில் உயிருக்கு ஆபத்து என்று எழுதிவிட்டுக் கோயில் கொடைக்கு டிக்கெட் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல!

டிபிஎஸ் (போர், பேரிடர் நடக்கும் நாட்டுக்காரர்களுக்குத் தரும் தற்காலிகப் பாதுகாப்பு) பற்றியும் கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை, விட்டுவிடுங்கள்.

பெரும்பாலோருக்கு வழி வேலைதான். வேலைவழிக் கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000. அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று உச்சவரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இபி-2, இபி-3 (வேலைவழிக் கிரீன் கார்டின் இரண்டாம், மூன்றாம் பிரிவுகள்) வரிசை பத்து வருடத்துக்கும் மேல் இழுக்கிறது. ஆனால் கணக்கில் வருவது பிறந்த நாடு, பாஸ்போர்ட் அல்ல. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் சிலருக்கு யோகம். அப்பா சவுதியிலோ குவைத்திலோ வேலை பார்த்தபோது அங்கேயே பிறந்த பெண்கள் நம் பக்கம் எத்தனை பேர்! கொழும்பில் பிறந்தவர்களும் உண்டு. மனைவி அப்படிப் பிறந்தவராக இருந்தால், இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது அவர் பிறந்த நாட்டின் வரிசையில் நீங்களும் நிற்கலாம். ஆபீஸ் லாயர் இதைத் தானாகக் கேட்பார் என்று இருக்காதீர்கள், முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஐ-140 (உங்கள் கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) ஒப்புதல் ஆகிவிட்டால், பழைய கம்பெனி அதைத் திரும்பப் பெற்றாலும் உங்கள் பிரியாரிட்டி டேட் (வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி) பொதுவாக உங்களுக்கே. எச்-1பி (வேலை விசா) வைத்திருக்கும்போது வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம், அதற்குள் வேறு வழி பார்க்க வேண்டும். கெடு தாண்டிச் சட்டவிரோதமாக 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் 3 வருடத் தடை, 1 வருடம் ஆகிவிட்டால் 10 வருடம்.

அப்புறம், கிரீன் கார்டுக்குக் கேட்கும் பிறப்புச் சான்றிதழ். பெயர் எழுதாமலே விட்ட சான்றிதழ்தான் நம் பக்கத்தில் பலரிடம் இருக்கிறது. பேச்சிமுத்து என்ற பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்டில் வேறு. பதிவே இல்லாதவர்கள், பதிவு இல்லை என்பதற்கான சான்றிதழும் பெரியவர்களின் பிரமாண வாக்குமூலமும் வாங்கி வைக்க வேண்டும். உங்கள் பிறப்பைப் பற்றிச் சொல்லக்கூடிய பெரியம்மா, மாமா எல்லாரும் நல்லபடியாக இருக்கும்போதே, அடுத்த லீவில் இதை முடித்துவிடுங்கள்.