8என் உழவு இயந்திரம்: 12 வோல்ட்டுக்கு மாற்றியபின் 20 நிமிடத்தில் நிற்கிறது. உதவி தேவை

மேப்பிள் வயல் (சனி காலை 7:12)
வணக்கம். என்னிடம் இருப்பது ஃபோர்ட் 8என். போன கிழமை கிட் வாங்கி 6 வோல்ட்டில் இருந்து 12க்கு மாற்றினேன். இப்போது தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகிறது, அதில் குறை இல்லை. ஆனால் 20 நிமிடம் ஓடினால் இரண்டு மூன்று தரம் இருமிவிட்டு நின்று விடுகிறது. அரை மணித்தியாலம் ஆறவிட்டால் திரும்பவும் பிடிக்கும், திரும்பவும் நிற்கும். ஒன்ராறியோவில் இருக்கிறேன். திங்கள் பனி என்கிறார்கள். வீட்டுக்கு வரும் 200 மீட்டர் பாதையை இதில்தான் வழிக்க வேண்டும். என்ன பிழை? தெரிந்தவர்கள் கெதியாய்ச் சொல்லுங்கள்.

திருகாணி (7:40)
எந்த வருட வண்டி? டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புவது) எஞ்சினுக்கு முன்னால் இருக்கிறதா, பக்கத்திலா? காயில் (தீப்பொறிக்காக மின்னழுத்தத்தைக் கூட்டும் சுருள்) பழையதா, புதியதா? ஆல்டர்னேட்டர் போட்டீர்களா? பேட்டரியின் எந்த முனை எர்த்தில் (வண்டியின் உடலில்) இருக்கிறது? இதெல்லாம் தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கோவை லேத் (8:05)
தம்பி, 20 நிமிடம் என்றாலே பெட்ரோல்தான். டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருக்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காமல் நிற்கும், ஆறவிட்டால் காற்று கசிந்து சரியாகிவிடும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள், உஸ் என்று சத்தம் வந்தால் அதுதான். அப்புறம் அந்த வண்டியில் வடிகட்டி மூன்று இடத்தில் உண்டு: டேங்குக்குள், கீழே கண்ணாடிக் கிண்ணத்தில், கார்புரேட்டருக்குள் நுழையும் முழங்கையில். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கார்புரேட்டரின் அடித் திருகைக் கழற்றி ஒரு டப்பாவில் பிடியுங்கள். இரண்டு மூன்று நிமிடம் தாரை குறையாமல் வர வேண்டும். சொட்டினால் எலக்ட்ரிகல் பக்கமே போக வேண்டாம்.

பழைய இரும்பு (8:31)
இந்தக் கேள்விக்கு நான் மட்டும் பத்துத் தடவையாவது பதில் எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். முதலில் மாற்றியதே தேவையில்லாத வேலை. 1947 முதல் 1952 வரை 8என் எல்லாமே 6 வோல்ட்டில்தான் வெளிவந்தது, கனடா குளிரிலும் ஓடியது. 6 வோல்ட் மெதுவாகச் சுற்றுகிறது என்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கார் கடையில் வாங்கிய மெல்லிய கேபிளைப் போட்டவர்கள். அதே சக்திக்கு மின்னோட்டம் இரட்டிப்பு, எனவே கேபிள் 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. எர்த் பிடிக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி இரும்பு பளபளக்க வேண்டும். இதைச் செய்யாமல் கிட் வாங்குகிறார்கள்.

உழவு சால் (8:50)
கண்டன்சர் (டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சிறு மின்தேக்கி) மாற்றிப் பாருங்கள். சூடானதும் தோற்பது கண்டன்சரின் குணம். இப்போது வருகிற புதியவை பழையதை விட மோசம்.

மேப்பிள் வயல் (9:26)
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 1949 என்று விற்றவர் சொன்னார். டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால், விசிறிக்குப் பின்னால் இருக்கிறது. சதுரக் காயில், பழையதுதான். ஒற்றை வயர் ஆல்டர்னேட்டர். பற்றரி நெகட்டிவ் முனை வண்டிப் பொடியில் (எர்த்தில்), முன்பு பொசிட்டிவ் இருந்தது. கோவை அண்ணை, மூடியைத் திறந்து வைத்தே ஓட்டினேன், அதே 20 நிமிடம்.

திருகாணி (9:34)
இப்போதுதான் விஷயம் வருகிறது. டாஷ்போர்டுக்குப் பின்னால் பீங்கான் கட்டையில் சுருள் கம்பி சுற்றிய, காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஒன்று இருந்ததே, அது இன்னும் இருக்கிறதா?

கிளிநொச்சி கமம் (9:52)
இடையில் ஒரு சந்தேகம். பற்றரி முனையை மாற்றினால் செல்ஃப் மோட்டார் (ஸ்டார்ட்டர்) எதிர்ப்பக்கம் சுற்றாதா? எங்கள் அப்பாவின் மாஸி ஃபெர்குசன் 35 முதலில் இருந்தே 12 வோல்ட், அதனால் இந்த வேலை பார்த்ததில்லை.

கோவை லேத் (10:03)
சுற்றும். டிசி மோட்டாரில் முனையை மாற்றினால் திசை மாறும், பள்ளிக்கூடப் பாடம்.

அம்பியர் (10:15)
மாறாது ஐயா. நிலைக்காந்தம் உள்ள பொம்மை மோட்டாருக்கு நீங்கள் சொல்வது சரி. 8என் ஸ்டார்ட்டரில் ஃபீல்டும் (நிலையான சுருள்) ஆர்மேச்சரும் (சுழலும் சுருள்) தொடராகச் சுற்றியவை. முனையை மாற்றினால் இரண்டின் காந்தப்புலமும் சேர்ந்தே திரும்பும், திசை அப்படியே இருக்கும். அதே 6 வோல்ட் ஸ்டார்ட்டரை 12ல் ஓட்டலாம், பத்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான். திருப்பிப் போட வேண்டியது அம்மீட்டரை. அதன் முதுகில் உள்ள வளையத்துக்குள் வயர் போகும் திசையை மாற்றுங்கள், இல்லையென்றால் சார்ஜ் ஆகும்போது டிஸ்சார்ஜ் காட்டும்.

பழைய இரும்பு (10:22)
பொசிட்டிவ் எர்த்தை மாற்றுவதே தவறு என்பது என் கருத்து. டெர்மினல் பூப்பது அதில் குறைவு.

அம்பியர் (10:30)
அது டெர்மினலைத் துடைக்கிறோமா இல்லையா என்பதைப் பொறுத்தது, முனையைப் பொறுத்தது அல்ல. ஆல்டர்னேட்டர் போட்டால் நெகட்டிவ் எர்த்தான் வேண்டும், மாற்றிப் போட்டால் டயோடு நொடியில் எரியும்.

கிளிநொச்சி கமம் (10:48)
நன்றி அம்பியர். பின்னால் மூன்று புள்ளித் தூக்கியைப் பார்த்தால் எங்கள் மாஸியும் இந்த 8என்னும் அண்ணன் தம்பி போல இருக்கின்றன.

பழைய இரும்பு (10:57)
இருக்கும். இரண்டுக்கும் மூலம் ஹாரி ஃபெர்குசனின் ஏற்பாடு. 1938ல் ஹென்றி ஃபோர்டும் அவரும் எழுத்தில்லாமல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்தார்கள், 1939ல் 8என்னுக்கு முந்திய 9என் வந்தது. பிறகு ஃபோர்ட் தரப்பு தனியே 8என்னைச் செய்தது, ஃபெர்குசன் வழக்குப் போட்டு 1952ல் 92.5 லட்சம் டாலர் வாங்கினார்.

திருகாணி (11:05)
வரலாற்றுக்குத் தனி இழை தொடங்குங்கள். மேப்பிள் வயல், ரெசிஸ்டர் இருக்கிறதா இல்லையா?

மேப்பிள் வயல் (பிற்பகல் 1:18)
இல்லை. கிட்டில் வந்த தாளில் அதைக் கழற்றச் சொல்லியிருந்தது, கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். இப்போது நின்றவுடன் காயிலைத் தொட்டேன், கை வைக்க முடியவில்லை. கழற்றிப் பார்த்தால் அடிப்பக்க மூலையில் கறுப்புத் தார் உருகி வடிந்திருக்கிறது. ஒரு துளி பொயின்ட் (காயிலின் மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை) தட்டின் விளிம்பில் விழுந்து, மிளகு அளவில் இறுகிப் போயிருக்கிறது. மீட்டரில் காயில் 1.5 ஓம் காட்டுகிறது.

அம்பியர் (1:40)
மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் அளவைக் கழியுங்கள். 0.3 வரும் என்று வைத்தால் காயில் 1.2 ஓம். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுக்கும்போது, பாயிண்ட் மூடியிருக்கும் நேரத்தில் 11 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. பாயிண்ட் தாங்குவது 4 ஆம்பியர் வாக்கில். மின்னோட்டம் மூன்று மடங்கென்றால் காயிலில் சூடு ஒன்பது மடங்கு. அந்தத் தார் உருகியதில் ஆச்சரியமில்லை. 4 ஆம்பியருக்கு மொத்தம் 3.5 ஓம் வேண்டும். 2.5 ஓம் உள்ள முன்பக்க 12 வோல்ட் காயில் வாங்குங்கள், பழைய ரெசிஸ்டரைத் திரும்பவும் தொடரில் மாட்டுங்கள். தார் வடிந்த காயில் ஆறினால் வேலை செய்வது போல இருக்கும், நம்ப வேண்டாம்.

திருகாணி (1:52)
பாயிண்ட்டையும் பாருங்கள். 11 ஆம்பியரில் ஓடியது கருகியிருக்கும். தேய்த்துப் போடாமல் புதிதே போடுங்கள், இடைவெளி 0.015 அங்குலம். பக்கவாட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்கு உரிய 0.025ஐ இதற்கு வைத்துவிடாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மேசையில் வைத்துச் செய்தால்தான் கை எட்டும், இரண்டே போல்ட்.

உழவு சால் (2:10)
கண்டன்சரும் சேர்த்து மாற்றுங்கள்.

கோவை லேத் (2:33)
செல்ஃப் விஷயத்தில் நான் சொன்னது தவறுதான், பட்டறையில் பழைய ஸ்டார்ட்டர் ஒன்றை இரண்டு பக்கமும் மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். ஆனாலும் அந்த மூன்றாவது வடிகட்டியைப் பாருங்கள் தம்பி.

மேப்பிள் வயல் (செவ்வாய் இரவு 9:47)
புதுக் காயில், பொயின்ட், பழைய ரெசிஸ்டர் போட்டாச்சு. இன்று ஒரு மணி பத்து நிமிடம் நிற்காமல் ஓடியது, பாதை முழுக்க வழித்தேன். எல்லாருக்கும் நன்றி.

திருகாணி (புதன் காலை 6:55)
மிக்க மகிழ்ச்சி. புதுக் காயிலின் ஓம் எவ்வளவு என்று எழுதுங்கள், அடுத்து இதே கிட் வாங்கி வருகிறவர்களுக்கு உதவும்.

உழவு சால் (வெள்ளி 8:20)
கண்டன்சர் மாற்றினீர்களா?